முக்கு தெரிகிற வண்டி

கேள்வி இதுதான்: காற்றை வழுக்கிக்கொண்டு போகிற வளைவான உடம்போடு கார்கள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அப்படியிருந்தும் மஹிந்திரா தார், சுஸுகி ஜிம்னி, லேண்ட் ரோவர் டிஃபெண்டர், மெர்சிடிஸ் ஜி-வேகன் என்று பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போன்ற வண்டிகளுக்கு ஏன் இன்னும் இவ்வளவு மவுசு? வெறும் பழைய நினைப்புதானா?

பழைய நினைப்பு கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது மட்டும்தான் காரணமென்றால், ஜீப்பில் ஒருநாள்கூட ஏறியிராத இருபது வயதுப் பிள்ளைகள் ரோட்டில் ஜிம்னி போனால் திரும்பிப் பார்ப்பது ஏன்? நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். வளர்ந்தது போடிநாயக்கனூரில், ஜீப் ஓட்டிப் பிழைத்த குடும்பத்தில். படிப்பும் வீடும் எனக்குச் சொன்ன பதில் ஒன்றுதான்: அந்த வடிவம் பார்க்கிறவருக்குப் புரிகிறது. வண்டி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எது எதைத் தாங்கி நிற்கிறது, எந்த போல்ட்டைக் கழற்றினால் எது கையோடு வரும் என்பதெல்லாம் வெளியிலேயே தெரிகிறது. மறைப்பு இல்லை. கண்ணுக்கு அது பிடித்துப்போகிறது. பிடித்ததற்கான காரணம் பிறகுதான் மனதுக்கு எட்டுகிறது.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். போடியிலும் கம்பத்திலும் இருந்து தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே ஜீப்புகள் மலை ஏறத் தொடங்கிவிடும். மெயின் ரோடு பரவாயில்லை. தோட்டத்துக்குள் பிரிகிற பாதைதான் பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவே மழை அரித்த வாய்க்கால். என் மாமாவிடம் இருந்தது சி.ஜே. 3பி என்ற அமெரிக்க ஜீப் மாடலின் வழியில் வந்த பழைய மஹிந்திரா ஜீப். அதில்தான் ஓட்டப் பழகினேன். முதல் நாள் அவர் கியரைப் பற்றியோ கிளட்சைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. வெளியே தலையை நீட்டிப் பார்க்கச் சொன்னார். "மட்கார்டு முக்கு தெரியுதா மாப்ள? அதுக்கு நேர் கீழதான் டயரு. முக்கு பாறையத் தாண்டுனா டயரும் தாண்டும். அவ்வளவுதான் வித்தை."

உண்மையிலேயே அவ்வளவுதான். வலது பக்கம் மட்கார்டின் தட்டையான முனை கண்ணெதிரே நிற்கும். இடது பக்கம் பார்க்க முடியாது. ஆனால் பானட் விளிம்பு கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக ஓடுவதால், மூலை எங்கே இருக்கும் என்று கண் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். இன்றைய காரில் உட்கார்ந்து பாருங்கள். பானட் சரிந்து கீழே போய்விடும், முன்பக்கம் எங்கே முடிகிறது என்பது ஊகம்தான். அந்த ஊகத்தை ஈடுகட்டத்தான் கேமராவும் சென்சாரும் தேவைப்படுகின்றன. அடைமழையில், சேறு அப்பிய கேமராவோடு, பள்ளத்து விளிம்பில் நிற்கிற ஒருவருக்கு முக்கு தெரிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது நின்றவருக்குத் தெரியும்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அழகுக்காக யாரும் இதை வரையவில்லை. 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நாலு வீல் டிரைவ் வண்டி கேட்டு 135 நிறுவனங்களுக்கு எழுதியது. மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில், மூழ்கிக்கொண்டிருந்த பாண்டம் என்ற சிறு நிறுவனம் கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரைப் பிடித்து வரையச் சொல்லி, செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தில் ஹோலபேர்ட் முகாமில் வண்டியை ஒப்படைத்தது. அதுதான் ஜீப்பின் தொடக்கம். பிறகு ஆர்டரின் பெரும்பகுதி வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். 49 நாளில் யாரும் வளைவுகளைப் பற்றி யோசிக்க முடியாது. தகட்டை மடக்கலாம், வெட்டலாம், பற்றவைக்கலாம். மடக்கினால் வருவது பெட்டிதான்.

ஆனால் அந்த அவசரத்திலும் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். முன் கண்ணாடியைப் பானட் மேல் மடக்கிப் போடலாம். வண்டியின் உயரம் குறையும், கப்பலில் இடமும் மிச்சம். ஹெட்லைட்டை ஒரு சின்னத் திருகைத் தளர்த்திப் பின்பக்கமாகத் திருப்பினால் எஞ்சின் மேலேயே வெளிச்சம் அடிக்கும். இரவில் டார்ச் பிடிக்க ஆள் வேண்டாம். இன்று ஜீப்பின் முகம் என்று உலகமே கொண்டாடுகிற அந்தச் செங்குத்துக் கோடுகள்கூடச் சிக்கனத்தில் பிறந்தவை. வில்லிஸ் முதலில் இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து கிரில் செய்தது. ஃபோர்டு ஒரே தகட்டில் ஒன்பது துளைகளை அடித்து எடுத்தது. எடையும் குறைவு, செலவும் குறைவு. வில்லிஸும் அதற்கே மாறியது. போருக்குப் பிறகு வந்த மக்கள் வண்டியில் ஹெட்லைட் பெரிதானது, துளை ஏழானது. பிறகு ஏழுதான் அடையாளம். போர் முடிந்து ஆறே ஆண்டில், 1951-ல், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் எட்டே எட்டு வண்டிகளை வைத்துக் கண்காட்சி நடத்தியபோது, பென்ட்லி, மெர்சிடிஸ், சிசிட்டாலியா போன்றவற்றோடு ஒரு ஜீப்பையும் நிறுத்தினார்கள்.

பிரிட்டனில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதை. ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் ராணுவம் கழித்த ஜீப் ஒன்றை வைத்து வேலை பார்த்துவந்தார். 1947-ல் அங்கே ரெட் வார்ஃப் கடற்கரை மணலில் அவர் கிறுக்கிக் காட்டிய படம்தான் லேண்ட் ரோவர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகம். அப்போது அங்கே இரும்புக்கு ரேஷன். அலுமினியம் கிடைத்தது. தகட்டை அழுத்தி வளைத்தெடுக்கும் அச்சு செய்யப் பணமும் நேரமும் இல்லாததால், கையாலும் எளிய மெஷினாலும் மடக்க முடிகிற பலகைகளாகவே உடம்பை வரைந்தார்கள். சேஸியும், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமும், தட்டைப் பட்டைகளைப் பெட்டியாகச் சேர்த்துப் பற்றவைத்ததுதான். பச்சைப் பெயின்ட் விமானங்களுக்கு அடித்து மிஞ்சியது. தற்காலிகமாகச் சில வருடம் விற்போம் என்று தொடங்கியது, 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் ஆலையில் கடைசி டிஃபெண்டர் வெளியே வரும்வரை 20 லட்சத்தைத் தாண்டிப் போனது. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனிலிருந்து சந்தக்ஃபூவுக்கு 3,636 மீட்டர் உயரம்வரை, 1950-களின் லேண்ட் ரோவர்கள் அறுபது வருடத்துக்கு மேல் ஆள் ஏற்றி இறக்கியிருக்கின்றன. அதற்கு மேல் ஒரு சான்றிதழ் தேவையா?

ஏன் ஓடின என்றால், பழுது பார்க்க முடிந்ததால். இங்கேதான் தட்டைத் தகட்டின் முழு அருமையும் இருக்கிறது. ஒருமுறை மாமாவின் ஜீப் பாறையில் உரசி இடது மட்கார்டு மடங்கிப்போனது. ஊருக்கு இறங்கி வந்ததும் டிங்கர் பட்டறையில் விட்டோம். போல்ட்டுகளைக் கழற்றி மட்கார்டைத் தனியாக எடுத்தார். பட்டறை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு கிடக்கும், அதுதான் அவருடைய பட்டடை. தகட்டை அதன்மேல் வைத்து, மடங்கிய கோட்டைத் தேடிப் பிடித்து, சுத்தியலால் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தட்டிக்கொண்டே வந்தார். நடுவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு தகட்டின் விளிம்பைத் தூக்கிப் பார்ப்பார், தச்சர் பலகையைப் பார்ப்பது போல. தட்டையான பரப்பு நேராகிவிட்டதா என்று சொல்ல ஒரு கண் போதும். மறுநாள் விடியற்காலை வண்டி ஆள் ஏற்றிக்கொண்டு மலையில் இருந்தது.

வளைந்த தகட்டுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. இரண்டு திசையிலும் வளைகிற பரப்பில் ஒரு பள்ளம் விழுந்தால், பழைய வளைவை மறுபடி கொண்டுவர நல்ல கைப்பக்குவமும் பட்டியும் பெயின்ட்டும் வேண்டும், இல்லையென்றால் புதுப் பாகமே வாங்க வேண்டும். கண்ணாடியும் அப்படித்தான். வளைந்த கண்ணாடியைச் சூட்டில் அச்சின்மேல் படியவைத்துச் செய்ய வேண்டும். தட்டைக் கண்ணாடிக்கு அட்டையில் அளவெடுத்துப் போய் வெட்டி வாங்கிக்கொள்ளலாம். சில வருடத்துக்கு முன் நான் வைத்திருந்த ஒரு காரில் பம்பர் ஓரம் லேசாக உரசியதற்கு, சர்வீஸ் சென்டரில் முழு பம்பரையும் மாற்றியே தீரவேண்டும் என்றார்கள். சென்சாரும் சேர்த்து மாற்ற வேண்டும், பாகம் வர மூன்று வாரம். அன்றைக்கு அந்தத் தண்டவாளத் துண்டை நினைத்துக்கொண்டேன்.

அந்த மட்கார்டு மேசையாகவும் இருந்தது. ஸ்பேனர்களை வரிசையாகப் பரப்பிவைப்பார்கள், டீ டம்ளர் நிற்கும், தூக்குவாளியைத் திறந்து நின்றபடியே சாப்பிடுவார்கள். வளைவான காரின் மேல் எதை வைத்தாலும் உருண்டுவிடும்.

இனி கணக்கு. மேடு பள்ளத்தில் போகிற வண்டிக்கு மூன்று கோணங்கள் முக்கியம். முன் டயருக்கும் முன் பம்பருக்கும் நடுவே உள்ள சரிவு, ஏறும்போது மூக்கு இடிக்குமா என்பதைச் சொல்லும். பின்பக்கமும் அதேபோல் ஒன்று. மூன்றாவது, மேட்டின் உச்சியில் வயிறு தட்டுமா என்பது. பெட்டி வண்டியில் டயர்கள் நாலு மூலையிலும் இருக்கும், முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டிருக்கும் உடம்பு குறைவு. அதனால் இந்தக் கோணங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. மூன்று கதவு ஜிம்னியில் முன்கோணம் 37 டிகிரி, பின்கோணம் 49, நடுக்கோணம் 28. இந்தியாவில் விற்கும் ஐந்து கதவு ஜிம்னியில் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை 2,250 மில்லிமீட்டரிலிருந்து 2,590 ஆக நீட்டினார்கள். முன்கோணமும் பின்கோணமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, நடுக்கோணம் 24 ஆக இறங்கிவிட்டது. பின் சீட்டில் கால் நீட்ட இடம் கிடைத்ததற்குக் கொடுத்த விலை அது. எந்த வசதிக்கு எதைக் கொடுத்தோம் என்பது பெட்டியில் இப்படிப் பளிச்சென்று தெரிந்துவிடும்.

நம் நாட்டு வரலாறும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைப் பூட்டி விற்கத் தொடங்கிய மஹிந்திரா, பிறகு சி.ஜே. 3பி-யைப் பல பத்தாண்டுகள் செய்தது. அந்த வண்டியின் பானட் ஏன் அவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். புதிதாக வைத்த ஹரிக்கேன் எஞ்சின் பழையதைவிட உயரம், அவ்வளவுதான். எஞ்சின் உயர்ந்தது, பானட்டையும் உயர்த்திவிட்டார்கள். மறைக்க முயலவில்லை. 1985-ல் மாருதி ஜிப்ஸி வந்தது, 970 சி.சி. எஞ்சின், சுமார் ஒரு டன் எடை. அந்த எடைதான் அதன் பலம். சேற்றில் பெரிய வண்டி புதைகிற இடத்தில் ஜிப்ஸி மேலாகத் தத்திப் போய்விடும். ராணுவம் அதை விடாமல் வைத்திருந்ததற்கு அது ஒன்றே போதுமான காரணம். 2010-ல் தார், 2020-ல் அதன் புது வடிவம், 2024-ல் ஐந்து கதவுள்ள ராக்ஸ். இன்று தார் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மலைப்பாதை பக்கமே போவதில்லை என்று குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. மழையில் தண்ணீர் தேங்கிய சென்னைத் தெருவும், தோண்டிப் போட்ட ரோடும் தினசரி வாழ்க்கையாக இருக்கிற ஊரில் உயரமான, எல்லை தெரிகிற வண்டியை ஒருவர் விரும்புவது நியாயம்தான்.

இதற்கெல்லாம் விலை உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். தோட்டப் பாதையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கிற எதிர்ப்போடு ஒப்பிட்டால், நான்குவழிச் சாலையில் 120-ல் அது 16 மடங்கு. காற்றில் ஒரு வடிவம் எவ்வளவு மாட்டிக்கொள்கிறது என்பதைச் சொல்லும் எண் காற்று இழுவைக் கெழு. நல்ல செடான் காருக்கு அது 0.25-லிருந்து 0.30 வரை, 2018-ல் வந்த ஜி-வேகனுக்குச் சுமார் 0.54. அகலமும் உயரமும் வேறு அதிகம். அந்த வித்தியாசம் முழுவதும் எரிபொருளாகக் கரைகிறது, காதில் இரைச்சலாக விழுகிறது. அதாவது பெட்டி வடிவம் மெதுவாகப் போகிற வேலைக்குப் பிறந்தது. மெதுவாகப் போகும்போது அதற்கு எந்த அபராதமும் இல்லை.

இன்னொன்று இதைவிடக் கவலையானது. முன்பக்கம் செங்குத்தாகவும் உயரமாகவும் இருக்கிற வண்டி நடந்துபோகிறவர்மேல் மோதினால் அடி காலில் விழாது, நெஞ்சிலும் தலையிலும் விழும். பழைய ஜீப் குள்ளம், ஒடுக்கம். இன்றைய பெரிய எஸ்.யூ.வி.களின் பானட் சில, ஒரு குழந்தையின் தலைக்கு மேல் நிற்கின்றன. அங்கே முக்கு தெரிவதில்லை; முன்னால் நிற்கிற குழந்தையே தெரிவதில்லை. பெட்டி போலத் தோன்றினாலும், அந்த வடிவம் எதற்காக உருவானதோ அதற்கு நேர் எதிரான வண்டி அது. இந்த இடத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

அப்படியானால் உண்மையான பெட்டியையும் வேஷம் போட்ட பெட்டியையும் எப்படிப் பிரிப்பது? ஜி-வேகனை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தயாரிப்பு தொடங்கியபோது அது ராணுவமும் வனத்துறையும் வாங்குகிற வண்டி. டிஃபரன்ஷியல் லாக் உண்டு, அதாவது ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றாலும் மறு சக்கரத்துக்கும் விசை போகச் செய்யும் பூட்டு. முதலில் முன்னும் பின்னும் இரண்டு, பிறகு நடுவிலும் சேர்த்து மூன்று. மட்கார்டு மேல் துருத்திக்கொண்டு நிற்கும் இண்டிகேட்டர் விளக்கு, ஓட்டுபவருக்கு மூலையைக் காட்டும் குறியாகவும் ஆகிவிடும். 2018-ல் வண்டியை அடியோடு மாற்றினார்கள். கதவுக் கைப்பிடி, ஸ்டெப்னி மூடி போன்ற ஒருசில பாகங்கள்தான் பழையதிலிருந்து வந்தவை. ஆனால் கதவு சாத்தும் சத்தத்தைக்கூட விடாமல் காப்பாற்றினார்கள். இன்று அதை வாங்குகிறவர் காட்டுக்குப் போகமாட்டார், விலையும் அப்படி. ஆனாலும் பெட்ரோல், டீசல் வண்டியில் டிஃபரன்ஷியல் லாக் மூன்றும் உள்ளே இருக்கின்றன, கிராஸ் பக்கத்து ஷோக்கல் மலையில் ஏற்றி இறக்கித்தான் இன்றும் அதைச் சோதிக்கிறார்கள். அதனால் அதை வேஷம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2018-ல் வந்த நாலாம் தலைமுறை ஜிம்னி அதைவிடச் சுத்தம்: ஏணி வடிவச் சேஸி, முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்சில், சமமான பானட், ஓட்டுபவர் ஓரமாக எட்டிப் பார்க்க வசதியாக முன் ஜன்னலின் கீழ்விளிம்பில் ஒரு சரிவு, கூரையோரம் மழைநீர் வழிய ஒரு காடி. எல்லாமே ஒரு வேலை செய்கின்றன.

வேஷம் என்று நான் சொல்வது, சாதாரணக் கார் உடம்பில் கறுப்புப் பிளாஸ்டிக்கை ஒட்டி, கூரையில் எதையும் தாங்காத கம்பியை வைத்து, முன்சக்கரத்தை மட்டும் இழுக்க வைத்து விற்பதை. ஓட்டக்கூடாது என்றில்லை. ஆனால் அந்த வடிவத்தின் மேல் ஐந்து வருடத்தில் அலுப்பு வந்துவிடும், ஏனென்றால் அது சொல்கிற எதற்கும் அடியில் ஒன்றும் இல்லை.

இந்த வடிவம் யாருக்குச் சொந்தம் என்றுகூட வழக்கு நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப், பழைய டிஃபெண்டர் நின்றுபோன ஏக்கத்தில், அதே மாதிரி ஒரு வண்டி செய்யப் புறப்பட்டார். அதுதான் இனியோஸ் கிரெனேடியர். டிஃபெண்டரின் உருவத்தை வணிக முத்திரையாகப் பதிவுசெய்ய ஜாகுவார் லேண்ட் ரோவர் முயன்றது. 2020-ல் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த முறையீட்டை ஏற்கவில்லை. தனித்து அடையாளம் காட்டுகிற அளவுக்கு அந்த உருவம் வேறுபட்டதல்ல என்ற முடிவு நின்றது. அதே ஆண்டு அமெரிக்காவில் மஹிந்திராவின் ராக்ஸார் என்ற வண்டி, ஜீப்பின் தோற்றத்தைப் பின்பற்றுகிறது என்று வர்த்தக ஆணையம் தீர்ப்பளிக்க, முகத்தை மாற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டது போலத்தான் எனக்கு அது பட்டது. வில்லிஸிடம் உரிமம் வாங்கித் தொடங்கியவர்கள்தானே மஹிந்திரா.

நீங்கள் இப்படி ஒரு வண்டி வாங்கும் எண்ணத்தில் கேட்டிருந்தால், ஷோரூமில் திரையையும் சீட்டையும் பிறகு பாருங்கள். முதலில் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, நண்பர் ஒருவரை முன் பம்பர் ஓரமாக நடக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் கண்ணுக்கு மறைகிறார் என்று கவனியுங்கள். அடுத்து கீழே குனிந்து, சேஸி எங்கே, ஆக்சில் எங்கே, வண்டியை இழுக்கக் கொக்கி எங்கே என்று தேடுங்கள். பத்து நிமிடம் ஆகும்.

நான் ஜிம்னியை ஓட்டிப் பார்க்கப் போனபோது மாமாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது, ஜீப்பை விற்றுப் பல வருடமாகிறது. விலை கேட்கவில்லை, மைலேஜ் கேட்கவில்லை. ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டி வலது பக்கம் பார்த்தார். பிறகு பானட் வழியாக இடது பக்கம். "முக்கு தெரியுது மாப்ள" என்றார். பின்னாலிருந்த சந்துக்குள் வண்டியை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். திரையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது; அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.